ஒரு கார்டின் மதிப்பை எப்படி எடைபோடுவது? டிஜிட்டல் சீட்டாட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஜிட்டல் சீட்டாட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் கார்டு நல்ல கார்டா? கேள்வி பாதியில் நிற்கிறது. எந்தக் கார்டுக்குப் பதிலாக, எத்தனையாவது சுற்றில், ஆட்டம் எந்த நிலையில் இருக்கும்போது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் குழுவில் சேலத்துப் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள், ஏற்காடு மலையிலுள்ள நாகலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு தம்பியும் இருக்கிறான். அவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எல்லாம் கூடிவரும் அருமையான சுற்றில் ஒரு கார்டு என்ன செய்யும் என்று பார்க்காதீர்கள். எதுவும் கூடிவராத சாதாரணச் சுற்றில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்காக மாற்றும் வழிகள்.

தொடங்குவதற்கு முன் ஒரு தெளிவு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றி அல்ல. கார்டுகளைச் சேர்த்து, சொந்தமாக ஒரு டெக் (ஆட எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டு) கட்டி, மூளையைப் பந்தயம் வைத்து ஆடும் ஹார்த்ஸ்டோன், மேஜிக் அரீனா, மார்வெல் ஸ்நாப், போக்கிமான் பாக்கெட் போன்றவற்றைப் பற்றியும், தனியாக ஆடும் ஸ்லே த ஸ்பயர் பற்றியும் பேசுகிறேன்.

வீட்டில் ரம்மி ஆடிப் பழகியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். ராஜாவின் முகத்தைப் பார்த்தால் பெரிய கார்டு; ஏழைப் பார்த்தால் சின்னது. ஆனால் மூன்று கார்டு வரிசை சேர்க்கும்போது ஏழு மூன்று விதங்களில் பொருந்தும்: 5-6-7, 6-7-8, 7-8-9. ராஜாவுக்கு ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஆஸ் என்று இரண்டு வழிகள்தான். கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் ரம்மி ஆடும் மாமாக்கள் முதல் சுற்றிலேயே ராஜாவைக் கழற்றிவிட்டு ஏழைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். முகம் ஒன்று சொல்கிறது, பயன் வேறொன்று சொல்கிறது. டிஜிட்டல் ஆட்டங்களிலும் நாம் தேடுவது அந்த இடைவெளியைத்தான்.

உதாரணங்களைப் பெரும்பாலும் ஹார்த்ஸ்டோனிலிருந்து எடுக்கிறேன். 2014 மார்ச்சில் வெளியான ஆட்டம் அது. ஒரு டெக்கில் 30 கார்டுகள், ஆளுக்கு 30 உயிர்ப்புள்ளிகள். கார்டு இறக்கச் செலவழிக்கும் ஆற்றலான மானா முதல் சுற்றில் 1, அடுத்ததில் 2 என்று 10 வரை வளரும். மினியன் (களத்தில் இறங்கிச் சண்டையிடும் ஆள்) கார்டின் மேலே இடதுபுறம் மானா விலை, கீழே இடதுபுறம் தாக்குதல், கீழே வலதுபுறம் உயிர். எண்கள் சிறியவை என்பதால் கணக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நான் குறிப்பிடும் கார்டுகளில் பல பழையவை. சிலவற்றின் எண்கள் பிறகு மாறியிருக்கின்றன. சில, பெரும்பாலும் அண்மைத் தொகுப்புகளை வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் முறையில் இன்று கிடையாது. ஆனாலும் அளவுகோலாக அவை இன்றும் உதவுகின்றன.

முதல் படி: ஓர் அளவுகோலை உருவாக்குங்கள்

எழுத்து (கார்டில் எழுதியிருக்கும் சிறப்பு விளைவு) எதுவும் இல்லாத வெறும் மினியன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மானாவுக்கு பிளட்ஃபென் ராப்டர்: தாக்குதல் 3, உயிர் 2. 4 மானாவுக்கு சில்விண்ட் எட்டி: 4, 5. 6 மானாவுக்கு போல்டர்ஃபிஸ்ட் ஓகர்: 6, 7. தாக்குதலையும் உயிரையும் கூட்டினால் முறையே 5, 9, 13 வரும். விலையை இரட்டித்து ஒன்றைக் கூட்டினாலும் இதே எண்கள்தான். அதுவே நமது கோடு. 3 மானாவுக்கு 7, 5 மானாவுக்கு 11 என்று எந்த விலைக்கும் மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய கார்டுகள் வலுப்பெற்றுவிட்டன. அதனால் இந்தக் கோட்டைத் தொடுவது இன்று பெருமை அல்ல. இதற்குக் கீழே இருக்கும் கார்டு தன் எழுத்தால் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் பொருள். நீங்கள் ஆடுவது வேறு ஆட்டமானால் அதற்கும் இப்படி ஒரு கோட்டை நீங்களே வரையலாம். எழுத்து இல்லாத கார்டுகளை, அல்லது இருப்பதிலேயே எளிய கார்டுகளை, விலை வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்லே த ஸ்பயரில் இது இன்னும் எளிது. தொடக்க டெக்கிலுள்ள ஸ்டிரைக் கார்டு 1 ஆற்றலுக்கு 6 சேதம் தருகிறது, டிஃபெண்ட் கார்டு 1 ஆற்றலுக்கு 5 தடுப்பு தருகிறது. புதிதாகக் கண்ணில் படும் எந்தக் கார்டையும் அந்த இரண்டோடு ஒப்பிட்டுத் தொடங்கலாம்.

இரண்டாம் படி: கூட்டுத்தொகையை நம்பிவிடாதீர்கள்

மாக்மா ரேஜர் என்றொரு கார்டு. 3 மானா, தாக்குதல் 5, உயிர் 1. கூட்டினால் 6. கோடு 7. ஒரு புள்ளிதானே குறைவு என்று தோன்றும். 5 தாக்குதலைக் கண்டு மயங்காத புதியவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் எதிரே மேஜ் (மந்திரவாதி நாயகனை வைத்து ஆடுபவர்) இருந்தால், அவர் தன் நாயகனின் சிறப்பு ஆற்றலுக்கு 2 மானா கொடுத்து 1 சேதம் செய்வார், ரேஜர் விழுந்துவிடும். நீங்கள் 3 மானாவும் ஒரு கார்டும் செலவழித்தீர்கள். அவர் 2 மானா செலவழித்தார், கையிலிருந்து ஒரு கார்டைக்கூட இழக்கவில்லை. இந்தக் கணக்கு நான்கைந்து முறை நடந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆகவே உயிர் எண்ணைப் பார்க்கும்போது, எந்த அடிக்கு இது தாங்கும் என்று கேளுங்கள். அந்தக் கால ஹார்த்ஸ்டோனில் ஃபிராஸ்ட்போல்ட் 2 மானாவுக்கு 3 சேதம் செய்தது. 3 மானாவுக்கு 3, 4 எண்களோடு வந்த ஸ்பைடர் டேங்க் அதைத் தாங்கியது. அதே 7 புள்ளியை 4, 3 என்று பிரித்த மினியன் தாங்காது. ஃபிளேம்ஸ்டிரைக் 7 மானாவுக்கு எதிரியின் எல்லா மினியன்களுக்கும் 4 சேதம் செய்தது. எட்டியின் உயிர் 5 என்பதால் களம் முழுவதும் எரிந்த பிறகும் அது நின்றது. 4, 5 என்பதற்கும் 5, 4 என்பதற்கும் கூட்டுத்தொகை ஒன்றுதான். ஆடும்போது அவை இரண்டு வேறு கார்டுகள்.

இதற்கு ஒரு சிறு பயிற்சி இருக்கிறது. நீங்கள் ஆடும் தரவரிசையில் அடிக்கடி எதிர்ப்படும் சேதக் கார்டுகளை விலையோடு எழுதி வையுங்கள்: 2 மானாவுக்கு 3, 4 மானாவுக்கு 6, அப்படி. புதிய மினியன் ஒன்றைப் பார்த்ததும் அந்தப் பட்டியலில் எத்தனை கார்டுகளுக்கு அது தப்பிக்கிறது என்று விரலால் எண்ணுங்கள். ஒவ்வொரு புதிய தொகுப்பு வெளியாகும்போதும் இந்தப் பட்டியல் மாறும். கார்டின் எண்கள் மாறாமலேயே அதன் மதிப்பு ஏறி இறங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

மூன்றாம் படி: எழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். இதைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் குழுவில் மிக வேகமாக முன்னேறியிருக்கிறார்கள்.

நாவிஸ் எஞ்சினியர்: 2 மானா, 1, 1, இறக்கியதும் ஒரு கார்டு எடுக்கலாம். கோட்டின்படி 5 புள்ளி வரவேண்டும், 2தான் வருகிறது. குறைந்த 3 புள்ளிதான் அந்த ஒரு கார்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அடுத்து லூட் ஹோர்டர்: அதே 2 மானா, 2, 1, இது சாகும்போது ஒரு கார்டு கிடைக்கும். கூட்டுத்தொகை 3, குறைவு 2. ஒரே கார்டுதான், ஆனால் உடனே கிடைத்தால் 3 புள்ளி, காத்திருந்து வாங்கினால் 2 புள்ளி. அந்த இடைவெளியில் எதிரி அதன் எழுத்தை அழித்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. அந்த அபாயமும் இந்தத் தள்ளுபடிக்குள் அடங்கியிருக்கிறது.

இப்போது அஸ்யூர் டிரேக். 5 மானா, 4, 4. இறக்கியதும் ஒரு கார்டு. அது களத்தில் இருக்கும்வரை உங்கள் மந்திரங்களின் சேதம் 1 கூடும். கோடு 11, இங்கே 8. குறைவு 3. அதாவது எஞ்சினியர் ஒரு கார்டுக்கு வாங்கிய அதே விலைக்கு டிரேக் கார்டையும் தருகிறது, மந்திர வலிமையையும் தருகிறது. மேலும், எஞ்சினியர் தரும் 1, 1 உடல் களத்தில் எதையும் மாற்றுவதில்லை. டிரேக்கின் 4, 4 உடலை எதிரி புறக்கணிக்க முடியாது. படிக்கும்போது இதில் மின்னும் வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தக் கார்டு அத்தனை டெக்குகளில் இடம்பிடித்ததால், 2017-இல் நிறுவனமே இதை ஸ்டாண்டர்ட் முறையிலிருந்து விலக்கிவைத்தது. அதே சமயம் விலக்கப்பட்டவற்றில் பளபளப்பான பெரிய லெஜண்டரி (மிக அரிய வகை) கார்டுகளும் இருந்தன. அந்த வரிசையில் இந்த அமைதியான டிரேக்கும் நின்றது.

மினியனே தராத கார்டுகளுக்கும் இதே கேள்விதான். ஆர்கேன் இன்டலெக்ட் 3 மானாவுக்கு இரண்டு கார்டுகள் தருகிறது. ஒன்றைச் செலவழித்து இரண்டை வாங்குவதால் கையில் ஒன்று கூடுகிறது. ஆனால் மூன்றாவது சுற்று முழுவதையும் கொடுத்துவிட்டீர்கள். களத்தில் ஒன்றும் மாறவில்லை. எதிரி அதே சுற்றில் ஒரு மினியனை இறக்கியிருப்பார். கார்டு எண்ணிக்கையில் முன்னே போய் நேரத்தில் பின்தங்குவது சில டெக்குகளுக்கு ஏற்றது, வேகமாக அடிக்கும் டெக்குக்கு ஏற்றதல்ல.

நான்காம் படி: நான்கு நிலைகளில் வைத்துப் பாருங்கள்

மேஜிக் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் முறை இது. ஆட்டத்தின் தொடக்கம், இருவரும் சமமாக நிற்கும் நிலை, நீங்கள் முன்னணியில் இருக்கும் நிலை, நீங்கள் பின்தங்கியிருக்கும் நிலை என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்தக் கார்டைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சி வருமா என்று கேட்பது.

முன்னணியில் இருக்கும்போது எந்தக் கார்டும் அழகாகத்தான் தெரியும். களத்தில் நான்கு மினியன்கள் நிற்கும்போது, அனைத்துக்கும் வலிமை கூட்டும் கார்டு கைக்கு வந்தால் வெற்றி உறுதி. ஆனால் அந்த நிலையில் வேறு ஏதாவது ஒரு கார்டு வந்திருந்தாலும் அநேகமாக வென்றிருப்பீர்கள். களம் காலியாக இருக்கும்போது அதே கார்டு கையில் செத்துக் கிடக்கும். இத்தகைய கார்டுகளைத்தான் புதியவர்கள் விரும்பிச் சேர்க்கிறார்கள். வென்ற ஆட்டங்களில் அவை தோன்றியதுதான் நினைவில் நிற்கிறது, தோற்ற ஆட்டங்களில் கையில் முடங்கிக் கிடந்தது நினைவில் நிற்பதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டாக்டர் பூம். 2014 டிசம்பரில் வந்த கார்டு. 7 மானா, 7, 7; கூடவே 1, 1 எண்களில் இரண்டு பூம் பாட்டுகள் (வெடிக்கும் குட்டி ரோபோ மினியன்கள்). ஒவ்வொரு பாட்டும் சாகும்போது ஏதோ ஓர் எதிரிக்கு 1 முதல் 4 வரை சேதம் செய்யும். வெளியாவதற்கு முன் இதைச் சாதாரணக் கார்டு என்று எடைபோட்டவர்கள் பலர். அவர்கள் சொன்ன காரணமும் சரியானதாகவே தோன்றியது: அன்று பிக் கேம் ஹன்டர் என்ற 3 மானா கார்டு இருந்தது, தாக்குதல் 7 அல்லது அதற்கு மேல் உள்ள மினியனை உடனே அழிக்கும். 7 மானா கொடுத்து இறக்கியதை 3 மானாவில் அழித்துவிடுவார்களே!

அந்த மோசமான நிலையையே முழுமையாகப் பார்ப்போம். ஹன்டர் வந்தார், பெரிய உடல் போய்விட்டது. மீதி? இரண்டு பாட்டுகள் களத்தில் நிற்கின்றன. ஒன்றுக்குச் சராசரியாக 2.5 சேதம், இரண்டும் சேர்ந்து 5. ஹன்டரின் உயிரோ 2தான்; ஒரு பாட்டு சாகும்போதே அவர் விழக்கூடும். ஆகவே மிக மோசமான சுற்றிலும் டாக்டர் பூம் ஏதோ ஒன்றை விட்டுச் செல்கிறது. எழுத்தில்லாத வார் கோலெம் கார்டும் 7 மானாவுக்கு 7, 7தான். ஹன்டர் வந்தால் அதன் பின்னால் ஒன்றுமே மிஞ்சாது. அந்த வேறுபாட்டைக் கண்டவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்கள். மற்றவர்கள் தோற்றுத் தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகு அது நெடுநாள் எல்லா இடத்திலும் தென்பட்டது.

ஆகவே அழிக்கும் கார்டு ஒன்று இருக்கிறது என்பதற்காக ஒரு கார்டைத் தள்ளிவிடாதீர்கள். அழிந்த பிறகு எனக்கு என்ன மிஞ்சும் என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: எத்தனை ஆட்டங்களில் அது கைக்கு வரும்?

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். பிளஸ் டூவில் படித்த நிகழ்தகவே போதும்.

ஹார்த்ஸ்டோனில் முதலில் ஆடுபவருக்கு 3 கார்டுகள் கிடைக்கும். பிடிக்காதவற்றை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். பிறகு சுற்றுக்கு ஒன்று. ஒரு கார்டின் இரண்டு பிரதிகள் டெக்கில் இருந்தால், எதையும் மாற்றாமல் ஆடும்போது நான்காவது சுற்றுக்குள் அது கைக்கு வரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். அதற்காகவே மூன்று கார்டுகளையும் மாற்றினால்கூட சுமார் 54 சதவீதம்தான். லெஜண்டரி கார்டு ஒரு பிரதிதான் வைக்க முடியும். அதற்கு முறையே சுமார் 23, 32 சதவீதம். நான்காவது சுற்றில் இந்த லெஜண்டரி வந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மூன்றில் இரண்டு ஆட்டங்களில் அது வராது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு கார்டுகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் கூட்டணிகளில் கணக்கு இன்னும் கடுமை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி மட்டுமே இருந்து, முதலில் ஆடி, எதையும் மாற்றாமல், கூடுதல் கார்டு எடுக்கும் வழியும் இல்லாமல் போனால், பத்தாவது சுற்றுக்குள் இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம். இரண்டிரண்டு பிரதிகள் வைத்தால் அது ஏறக்குறைய 46 சதவீதமாக உயரும். கூட்டணி கார்டுகளைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளி வராதபோது இந்தக் கார்டு தனியாக என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கும் கூட்டணியைத் தேர்ந்தெடுங்கள். தனியாக வந்தாலும் 4, 4 உடலோடு களத்தில் நிற்கும் கார்டு ஒன்று, தனியாக வந்தால் ஒன்றுக்கும் உதவாத கார்டு ஒன்று என்றால், எழுத்து எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

ஆறாம் படி: எதை எடுத்துவிட்டு இதை வைப்பது?

டெக்கில் 30 இடங்கள்தான். புதிய கார்டைச் சேர்க்கும் முன், வெளியே போகும் கார்டின் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் மதிப்பீடு இன்னும் முடியவில்லை. விலையையும் கவனியுங்கள்: 2 மானா கார்டை எடுத்துவிட்டு 6 மானா கார்டை வைத்தால் தொடக்கச் சுற்றுகளில் கை கட்டிப்போகும். ஸ்லே த ஸ்பயரில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாக வரும். அயர்ன்கிளாட் பாத்திரத்தின் தொடக்க டெக் 10 கார்டுகள்: 5 ஸ்டிரைக், 4 டிஃபெண்ட், 1 பேஷ். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று கார்டுகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். எதையும் எடுக்காமல் போகவும் வழி உண்டு. சுமாரான கார்டு ஒன்றைச் சேர்த்தால் நல்ல கார்டு கைக்கு வரும் நாள் தள்ளிப்போகிறது. அதனால் வேண்டாம் என்று கடந்து போவதும் ஒரு தேர்வுதான். அதைப் பழகிய பிறகு ஹார்த்ஸ்டோன் டெக்குகளையும் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

கையில் வந்த பிறகு: தந்திரம்

மதிப்பு தெரிந்த கார்டையும் தவறான நேரத்தில் இறக்கினால் பயன் இல்லை. இங்கே மூன்று பழக்கங்கள் போதும் என்று நினைக்கிறேன்.

தொடக்கக் கையை மாற்றும்போது, கார்டின் மொத்த மதிப்பைப் பார்க்காமல் முதல் நான்கு சுற்றுகளில் அது என்ன செய்யும் என்று மட்டும் பாருங்கள். டாக்டர் பூம் எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் தொடக்கக் கையில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஏழாவது சுற்றுவரை அது கையில் வெறுமனே இருக்கும். இரண்டாவதாக ஆடுபவருக்கு 4 கார்டுகளோடு ஒரு காயினும் கிடைக்கும், அந்தச் சுற்றுக்கு மட்டும் 1 மானா கூடுதல். எட்டியை மூன்றாவது சுற்றிலேயே இறக்க அது உதவும். அப்படியானால் அந்தக் கையில் எட்டியின் மதிப்பு கூடிவிட்டது.

அடுத்தது, சேத மந்திரங்களை எங்கே செலவழிப்பது. ஃபயர்பால் 4 மானாவுக்கு 6 சேதம். எட்டியின் மேல் வீசினால் 4 மானாவுக்கு 4 மானா, கணக்கு நேர். ராப்டரின் மேல் வீசினால் 2 மானா நட்டம். எதிரியின் முகத்தில் வீசினால் 30 உயிரில் ஐந்தில் ஒரு பங்கு போகும். எது சரி? இந்த ஆட்டத்தில் நீங்கள் விரட்டுபவரா, தாங்கி நிற்பவரா என்பதைப் பொறுத்தது. உங்கள் டெக் எதிரியுடையதைவிட வேகமானது என்றால், ஆட்டம் நீள நீள நீங்கள் இழப்பீர்கள். அடியை முகத்தில் இறக்கி முடிக்கப் பாருங்கள். எதிரி வேகமானவர் என்றால் களத்தைத் துடைத்துவிட்டு உயிரோடு இருங்கள், பிற்பாதியில் உங்கள் விலை உயர்ந்த கார்டுகள் பேசும். ஒரே டெக்கை வைத்துக்கொண்டு ஓர் எதிரியிடம் விரட்டுபவராகவும் இன்னொருவரிடம் தாங்குபவராகவும் இருக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு சுற்றுகளுக்குள் அதைத் தீர்மானியுங்கள்.

மூன்றாவது, எதிரியின் கையிலுள்ள கார்டுக்கும் மதிப்பு போடுவது. எதிரே மேஜ், அடுத்த சுற்றில் அவருக்கு 7 மானா. உங்கள் களத்தில் மூன்று மினியன்கள் நிற்கின்றன, கையில் நான்காவது இருக்கிறது. ஃபிளேம்ஸ்டிரைக் வந்தால் நான்கும் போகலாம். அதற்காக எப்போதும் பயந்து பதுக்கி வைப்பதும் தவறுதான். நான்காவதை இறக்கினால் எதிரி ஒரு சுற்று முன்னதாகச் சாவாரா என்று எண்ணிப் பாருங்கள். ஆம் என்றால் இறக்குங்கள். இல்லையென்றால் அது கையிலேயே இருக்கட்டும், களம் துடைக்கப்பட்ட பிறகு வரும் முதல் ஆளாக அது பல மடங்கு பயன்படும்.

ஹார்த்ஸ்டோனில் ஒரு முறைக்கு 75 வினாடிகள்தான். எதிரி யோசிக்கும் நேரத்தில் நீங்களும் யோசித்து வைத்தால்தான் இதெல்லாம் முடியும்.

பொடியைச் செலவழிக்கும் முன்

ஹார்த்ஸ்டோனில், கார்டுகளை உடைத்தால் கிடைக்கும் பொடியைக் கொடுத்து வேண்டிய கார்டை உருவாக்கலாம். சாதாரணக் கார்டு 40, ரேர் 100, எபிக் 400, லெஜண்டரி 1600. திரும்ப உடைத்தால் முறையே 5, 20, 100, 400தான் கிடைக்கும். லெஜண்டரி ஒன்றை உருவாக்கி, பிடிக்காமல் உடைத்தால் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: அந்த 1600 பொடியில் 16 ரேர் கார்டுகள் வரும். டெக்கின் எலும்புக்கூடே முடிந்துவிடும். ஒரே டெக்கில் மட்டும் பொருந்தும் லெஜண்டரியைவிட, பல டெக்குகளுக்குப் போகும் எளிய கார்டுகளை முதலில் உருவாக்குங்கள். கார்டின் வலிமையை நிறுவனம் குறைத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அதை உடைத்து முழுப் பொடியையும் திரும்பப் பெறலாம். அந்த அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள். காசு கொடுத்துக் கார்டுப் பாக்கெட் வாங்குவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். எதை வாங்க வேண்டும் என்று தெரியாத நேரத்தில் வாங்குவது அது.

மற்ற ஆட்டங்களுக்குப் போகும்போது

அளவுகோலின் எண்கள் மாறும், கேள்விகள் மாறாது. மார்வெல் ஸ்நாப்பில் டெக்குக்கு 12 கார்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி, ஆட்டம் வழக்கமாக 6 சுற்றுகள். மூன்று கார்டுகளோடு தொடங்கிச் சுற்றுக்கு ஒன்று எடுப்பதால், கடைசிச் சுற்றுக்குள் 12-இல் 9 கார்டுகளைப் பார்த்துவிடுவீர்கள். ஒரு குறிப்பிட்ட கார்டு வருவதற்கு 75 சதவீத வாய்ப்பு. ஆகவே அங்கே கூட்டணிகளை ஹார்த்ஸ்டோனைவிடத் துணிந்து நம்பலாம். அதேசமயம், 6 விலையுள்ள கார்டை இயல்பாக ஒரே ஒரு சுற்றில்தான் இறக்க முடியும். அத்தகைய கார்டுகள் கையில் இரண்டு வந்தால் ஒன்று வீண். போக்கிமான் பாக்கெட்டில் டெக் 20 கார்டுகள். இரண்டு கார்டு எடுக்க உதவும் புரொஃபசர்ஸ் ரிசர்ச் கார்டுக்கு ஆற்றல் செலவே இல்லை. ஆனால் சப்போர்ட்டர் வகையை ஒரு முறைக்கு ஒன்றுதான் இறக்கலாம் என்பதால், அந்த இடம்தான் அதன் விலை. மேஜிக் அரீனாவில் 60 கார்டுகள், ஒன்றில் நான்கு பிரதிகள் வரை. அங்கே மானா தரும் நிலக் கார்டுகளும் டெக்குக்குள்ளேயே வருவதால் விலை உயர்ந்த கார்டுக்கு இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

பழகும் முறை

வாரத்துக்கு ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் முன் ஆறு படிகளையும் ஒரு நோட்டில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். பிறகு அதை டெக்கில் வைத்து இருபது முப்பது ஆட்டங்கள் ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு குறிப்பு போதும்: கார்டு கைக்கு வந்ததா, வந்தபோது நான்கு நிலைகளில் எதில் இருந்தேன், இறக்க முடிந்ததா. தோற்ற ஆட்டங்களின் குறிப்பைக் கட்டாயம் எழுதுங்கள். ஆட்டம் முடிந்தபோது கையில் மிஞ்சிய கார்டுகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நான்கைந்து தோல்விகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் வெளியே போகவேண்டிய கார்டு.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது தரவரிசை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். சிக்னல் விட்டுப்போனால் உங்கள் முறை கடந்துவிடும், கார்டை எடைபோட எழுதிய குறிப்பும் கெட்டுப்போகும். அந்த நேரத்துக்கு ஸ்லே த ஸ்பயர் ஏற்றது. விலை கொடுத்து ஒரு முறை வாங்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஆடலாம். நாகலூர்த் தம்பி கீழே இறங்கிவரும் வழியில் அதில் மூன்று கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடங்களை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வருவான். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து, நீ எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று அவனிடம் கேட்போம். உங்களோடு ஆடும் நண்பர்கள் ஒருவரோ இருவரோ இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்: படத்தைக் காட்டுங்கள், உங்கள் தேர்வைச் சொல்லும் முன் அவர்கள் தேர்வைக் கேளுங்கள், வேறுபட்டால் நான்கு நிலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுங்கள்.